யார் பெரிய ஆள்? டென்னிஸ் ரசிகர்களின் தீராத வழக்கு



ஹாஸ்டல் டி.வி. ரூமில் எப்போதும் கிரிக்கெட் ரசிகர்கள்தான் மெஜாரிட்டி. டென்னிஸ் ரசிகர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் இந்தச் சின்னக் கூட்டம் யாருக்கும் சளைத்ததல்ல. ஒரு சாம்பிள் பாருங்கள்.

"தொடர்ந்து 237 வாரம் நம்பர் ஒன்னா இருந்தவர் ஃபெடரர். அதுக்கு மேல என்னடா வேணும்?"

"அந்த நம்பர் ஒன், நடால்கிட்ட 24 தடவை தோத்தாரே மச்சான், அது கணக்குல வராதா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா. ஜோகோவிச் 24 கிராண்ட்ஸ்லாம். நடால் 22, ஃபெடரர் 20. பேச்சு முடிஞ்சது."

பேச்சு முடியுமா? முடியாது. மெஸ் மணி அடிக்கும் வரை ஓடும். வேடிக்கை என்னவென்றால், மூன்று பேர் சொன்னதும் நூற்றுக்கு நூறு உண்மை. பொய் சொன்னவன் ஒருவனும் இல்லை. அப்புறம் ஏன் வழக்கு தீரவில்லை?

நம் லேபில் வெறும் ரீடிங்கை மட்டும் எழுதி, எந்தக் கருவி, எவ்வளவு லோடு, என்ன வெப்பநிலை என்று எழுதாமல் ரெக்கார்டு நோட்டை நீட்டிப் பாருங்கள். நோட்டு போன வேகத்தில் திரும்பி வரும். டென்னிஸ் வாதத்தில் நாம் செய்வதும் அதே தப்புதான். எண்ணைச் சொல்கிறோம், அந்த எண் எந்த நிலைமையில் எடுத்த எண் என்பதைச் சொல்வதில்லை. அந்த நிலைமைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எந்தத் தரை?

மெக்கானிக்கல் நண்பர்களிடம் ஒரு கேள்வி. காஸ்ட் அயர்ன் பலமானதா, மைல்டு ஸ்டீல் பலமானதா? விவரம் தெரிந்தவன் உடனே பதில் சொல்ல மாட்டான். "எந்த லோடுல கேக்குற?" என்று திருப்பிக் கேட்பான். அமுக்கினால் காஸ்ட் அயர்ன் மலை மாதிரி நிற்கும். இழுத்தால் சட்டென்று முறிந்துவிடும். டென்னிஸில் அந்த லோடுக்குப் பெயர் தரை.

முக்கியமாக மூன்று தரைகள். பிரெஞ்சு ஓபன் நடப்பது களிமண் தரையில். பெயர்தான் களிமண், மேலே பரப்பியிருப்பது செங்கல் தூள். பந்து விழுந்ததும் அந்தத் தூளில் உராய்ந்து வேகம் குறையும், உயரமாக எழும்பும். விம்பிள்டன் புல்தரை வழுவழுப்பு. பந்து தாழ்வாகச் சறுக்கிக்கொண்டு பாயும். ஆஸ்திரேலிய ஓபனும் அமெரிக்க ஓபனும் ஹார்ட் கோர்ட். கெட்டியான தளத்தின் மேல் பூச்சு. குணத்தில் முதல் இரண்டுக்கும் நடுவில்.

இனி ஃபெடரர் - நடால் கணக்குக்கு வருவோம். இருவரும் மோதியது மொத்தம் 40 முறை. நடால் 24, ஃபெடரர் 16. பார்த்தால் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கிறது. தரைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். களிமண்ணில் 16 ஆட்டம். நடால் 14, ஃபெடரர் 2. ஹார்ட் கோர்ட்டில் 20 ஆட்டம்; ஃபெடரர் 11, நடால் 9. புல்தரையில் 4 ஆட்டம். ஃபெடரர் 3, நடால் 1. ஆக, அந்த 24-ல் 14 ஒரே தரையில் வந்தது!

ஏன் அப்படி? இதற்கு நம் ஃபிசிக்ஸ் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. நடால் இடது கை ஆட்டக்காரர். பந்தை அடியிலிருந்து மேலே தேய்த்து அடிப்பார். அதுதான் டாப் ஸ்பின். முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழ்நோக்கி அழுத்தும். மேக்னஸ் விளைவு என்று படித்திருப்போம். அதனால் பந்து வலைக்கு மேலே தாராளமாகப் போய், கோட்டுக்குள்ளேயே விழுந்து, துள்ளி எழும். களிமண்ணில் அந்தத் துள்ளல் இன்னும் அதிகம். இடது கைக்காரர் குறுக்காக அடிக்கும் ஃபோர்ஹேண்ட், வலது கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம்தான் போகும். ஃபெடரருக்கோ ஒற்றைக் கை பேக்ஹேண்ட். தோளுக்கு மேலே வரும் பந்தை ஒற்றைக் கையால் திருப்பி அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு முறை மட்டையைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். அதே பந்து புல்தரையில் இடுப்புக்குக் கீழே வரும். அங்கே ஃபெடரர் ராஜா.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. எதிரும் புதிருமாக மோத வேண்டுமென்றால் இருவரும் அந்தச் சுற்று வரை வர வேண்டும். பிரெஞ்சு ஓபனில் ஃபெடரர் அரையிறுதி, இறுதி என்று வந்து வந்து 6 முறை நடாலிடம் தோற்றார். முதல் சுற்றிலேயே யாரிடமாவது தோற்று ஊருக்குப் போயிருந்தால் அந்த 6 தோல்வியும் கணக்கில் ஏறியிருக்காது! மறுபக்கம் அமெரிக்க ஓபனைப் பாருங்கள். 2004 முதல் 2008 வரை தொடர்ந்து 5 முறை ஃபெடரர்தான் சாம்பியன். அந்த 5 வருடத்தில் நடால் அங்கே ஒரு முறைகூட இறுதிப் போட்டிக்கு வரவில்லை. இருவரும் அமெரிக்க ஓபனில் ஒரு தடவைகூட மோதியதே இல்லை. சுமாரான தரையிலும் கடைசி வரை வந்தவனுக்கு நேருக்கு நேர் கணக்கு தண்டனை கொடுக்கிறது. இதை யோசிக்காமல் "24 தடவை தோத்தாரே" என்றால் நியாயமா?

நடால் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். இதே அளவுகோல் உங்கள் ஆளுக்கும் கைகொடுக்கும். ஜோகோவிச் - நடால் 60 ஆட்டம். ஜோகோவிச் 31, நடால் 29. அதில் களிமண்ணில் நடால் 20, ஜோகோவிச் 9. ஹார்ட் கோர்ட்டில் அப்படியே தலைகீழ். ஜோகோவிச் 20, நடால் 7. புல்தரையில் 2-2. "யார் பெரியவர்?" என்று கேட்டால் இந்தக் கணக்கு பதில் சொல்லாது. "எங்கே?" என்று கேட்டால் தெளிவாகச் சொல்லும்.

ஹார்ட் கோர்ட் என்ற பெயரும் முழு விவரம் ஆகாது. 90-களின் பெரிய வழக்கு சாம்ப்ராஸா, அகாஸியா என்பது. மொத்தம் 34 ஆட்டம். சாம்ப்ராஸ் 20, அகாஸி 14. அமெரிக்க ஓபனில் 4 முறை மோதி நான்கிலும் சாம்ப்ராஸ். ஆஸ்திரேலிய ஓபனில் 2 முறை மோதி இரண்டிலும் அகாஸி. இரண்டுமே ஹார்ட் கோர்ட்தான். ஆனால் அந்நாளில் மெல்போர்னில் போட்டிருந்தது ரப்பர் கலந்த ரீபவுண்ட் ஏஸ் என்ற தரை. பந்து அதில் உயர எழும்பும். தரையோடு ஊரையும் கேட்டால்தான் கணக்கு நேராகும்.

எந்த வருஷம்?

இரண்டாவது நிலைமை, காலம். ஃபெடரர் பிறந்தது 1981. நடால் 1986. ஜோகோவிச் 1987. ஐந்தாறு வருட இடைவெளி விளையாட்டில் சாதாரணமல்ல. ஆனால் வயதானவர் எப்போதும் தோற்பார் என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

2014 ஆஸ்திரேலிய ஓபன் முடிந்தபோது ஃபெடரர் - நடால் கணக்கு 10-23. அதற்குப் பிறகு நடந்த 7 ஆட்டங்களில் 6-ஐ ஜெயித்தவர் வயதில் மூத்த ஃபெடரர்! காரணங்களில் ஒன்று நமக்குப் பிடித்த விஷயம்: கருவி மாற்றம். பல வருடமாக 90 சதுர அங்குல மட்டையைப் பிடித்திருந்தவர், 2014-ல் 97 சதுர அங்குல மட்டைக்கு மாறினார். அகலமான முகம் கொண்ட மட்டையில் பந்து சற்றுத் தள்ளிப் பட்டாலும் சமாளிக்கலாம். பேக்ஹேண்டைத் தைரியமாக வீசி அடிக்க ஆரம்பித்தார். 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டியில் அதன் பலன் தெரிந்தது.

ஜோகோவிச்சும் அப்படித்தான். 2011 தொடங்கி 2012 ஜனவரி வரை நடாலுடன் மோதிய 7 இறுதிப் போட்டிகளிலும் அவரே வென்றார். அதில் இரண்டு நடாலின் கோட்டையான களிமண்ணில். ஏழாவதான 2012 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டி 5 மணி 53 நிமிடம் ஓடியது. ஆக, மொத்தக் கணக்கு என்பது பல சின்னச் சின்னக் காலகட்டங்களை ஒட்டித் தைத்த சட்டை. தையலைப் பிரித்துப் பார்த்தால்தான் துணி தெரியும்.

ஃபார்ம் என்றால் என்ன?

"அவன் இப்ப ஃபார்ம்ல இருக்கான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எதை வைத்துச் சொல்கிறோம்? பெரும்பாலும் தரவரிசையை வைத்து. 1973-ல் ஆண்களுக்குக் கம்ப்யூட்டர் தரவரிசை வந்தது. அடிப்படை எளிது. கடைசி 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளின் கூட்டல். கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தால் 2000, மாஸ்டர்ஸ் ஜெயித்தால் 1000 என்று போகும். போன வருடம் இதே வாரம் எடுத்த புள்ளி கழியும். இந்த வருடம் எடுத்தது சேரும். போன வருட சாம்பியன் இந்த வருடம் இறுதிப் போட்டியில் தோற்றால்கூடப் புள்ளி குறையும்.

இது நம் அட்டெண்டன்ஸ் பர்சன்டேஜ் மாதிரி. வருஷம் முழுக்க வந்தானா என்று சொல்லும். இன்றைக்கு கிளாஸில் முழித்துக்கொண்டு இருக்கிறானா என்று சொல்லாது!

நம் சென்னையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2008 ஜனவரி, நுங்கம்பாக்கம் மைதானத்தில் சென்னை ஓபன். அப்போது உலகின் இரண்டாம் நிலை வீரர் நடால். அரையிறுதியில் தன் ஊரான மயோர்கா தீவைச் சேர்ந்த கார்லோஸ் மோயாவுடன் 3 மணி 54 நிமிடம் போராடி, மூன்று செட்டும் டை-பிரேக்கர் போய் வென்றார். மறுநாள் இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் மிகைல் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். ஒரே இரவில் நடால் மோசமான ஆட்டக்காரர் ஆகிவிட்டாரா? இல்லை. கால் ஓடவில்லை, அவ்வளவுதான். அந்த ஸ்கோரை மட்டும் பார்த்து "யூஷ்னி நடாலை ஊதித் தள்ளிட்டான்" என்று வாதாடினால், முந்தின நாள் கதை தெரிந்தவன் சிரிப்பான்.

தரவரிசையே கோளாறு ஆன வருடமும் உண்டு. 2022-ல் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் அனுமதிக்கவில்லை. பதிலுக்கு அந்த வருட விம்பிள்டனுக்குத் தரவரிசைப் புள்ளியே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். கோப்பையை வென்ற ஜோகோவிச்சுக்குக் கிடைத்த புள்ளி பூஜ்யம்!

அகாஸி கதையோ நம்மில் அரியர் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஃபிரேம் போட்டு மாட்ட வேண்டியது. 1995-ல் நம்பர் ஒன் ஆனவர், 1997 நவம்பரில் 141-வது இடத்துக்கு இறங்கினார். பெரிய போட்டிகளை விட்டு, இரண்டாம் மட்டப் போட்டிகளான சேலஞ்சர்களில் போய் ஆடினார். 1999-ல் பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டியில் முதல் இரண்டு செட்டை இழந்த பிறகு மெட்வெடேவை வென்று கோப்பையைத் தூக்கினார். அந்த வருடக் கடைசியில் மறுபடி நம்பர் ஒன். 1997-ல் "அகாஸி காலி" என்று தீர்ப்பு எழுதியவர்கள் பேனாவை மூடி வைக்க வேண்டியதாயிற்று.

அதிகப் புள்ளி எடுத்தவன் தோற்கும் ஆட்டம்

கிரிக்கெட் நண்பர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். கிரிக்கெட்டில் அதிக ரன் எடுத்தவன் ஜெயிப்பான். டென்னிஸில் அப்படி இல்லை. புள்ளிகள் சேர்ந்து கேம், கேம்கள் சேர்ந்து செட், செட்கள் சேர்ந்து ஆட்டம். ஒரு செட்டை 6-1 என்று ஜெயித்தாலும் ஒன்றுதான், 7-6 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தாலும் ஒன்றுதான். டோட்டல் எவ்வளவு எடுத்தாலும் ஒரு பேப்பர் போனால் போனதுதானே, அந்த மாதிரி!

2019 விம்பிள்டன் இறுதிப் போட்டி. 4 மணி 57 நிமிடம். ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218. ஜோகோவிச் எடுத்தது 204. ஐந்தாவது செட்டில் 8-7 என்று இருக்கும்போது, ஃபெடரர் கையில் சர்வீஸ், சாம்பியன் ஆக ஒரே ஒரு புள்ளி போதும் என்ற நிலை. அந்த வாய்ப்பு இரண்டு முறை வந்தது. இரண்டும் போயிற்று. கோப்பை ஜோகோவிச்சுக்கு. மூன்று டை-பிரேக்கர் நடந்தது. மூன்றையும் ஜெயித்தவர் ஜோகோவிச். இக்கட்டான புள்ளியில் கை நடுங்காமல் ஆடுவதும் ஒரு திறமை. அதை மறுக்கவே கூடாது. ஆனால் அந்த இரண்டு புள்ளியில் ஒன்று ஃபெடரர் பக்கம் விழுந்திருந்தால் 24-20 என்பது 23-21 ஆகியிருக்கும். "பேச்சு முடிஞ்சது" என்று அப்போது சொல்லியிருப்போமா?

2025 பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டியும் இதே ரகம். அல்கராஸ் - சின்னர், 5 மணி 29 நிமிடம். சின்னருக்கு மூன்று முறை சாம்பியன் ஆகும் புள்ளி கிடைத்தது. மூன்றையும் தடுத்து, ஐந்தாவது செட்டின் டை-பிரேக்கரில் அல்கராஸ் வென்றார். அடுத்த மாதமே விம்பிள்டன் இறுதிப் போட்டியில் சின்னர் திருப்பிக் கொடுத்தார். 2024, 2025 இரண்டு வருடத்தின் 8 கிராண்ட்ஸ்லாமையும் இவர்கள் இருவரே நாலுக்கு நாலு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். இப்படி நூலிழையில் போகும் ஆட்டத்தை வைத்து ஒருவனை மேதை என்றும் மற்றவனைச் சோப்ளாங்கி என்றும் பேசினால் அது ரசனை ஆகாது.

எடுக்கப்படாத ரீடிங்

கடைசியாக, சிரிக்க முடியாத ஒரு கணக்கு. ஸ்டெஃபி கிராஃப் - மோனிகா செலஸ். மொத்தம் 15 ஆட்டம். கிராஃப் 10, செலஸ் 5. கிராண்ட்ஸ்லாம் கிராஃபுக்கு 22, செலஸுக்கு 9. எண்ணை மட்டும் பார்த்தால் வாதத்துக்கே இடமில்லை.

ஆனால் 1991 ஜனவரியிலிருந்து 1993 ஜனவரி வரை செலஸ் ஆடிய கிராண்ட்ஸ்லாம் 8, ஜெயித்தது 7. அதுவரை கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளில் இருவரும் மோதியது 4 முறை. செலஸ் 3, கிராஃப் 1. 1993 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஓர் ஆட்டத்தின் இடைவேளை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த செலஸின் முதுகில் பார்வையாளர் ஒருவன் கத்தியால் குத்தினான். ஏன்? அவன் கிராஃபின் ரசிகன். தன் அபிமான வீராங்கனை மறுபடி நம்பர் ஒன் ஆக வேண்டுமாம்! அப்போது செலஸுக்கு வயது 19.

காயம் ஆறியது, மனம் ஆறவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அவர் மட்டையைத் தொட்டுப் போட்டிக்கு வரவில்லை. 1995-ல் திரும்பினார். 1996-ல் ஆஸ்திரேலிய ஓபன் வென்றார். அதுவே அவருடைய கடைசி கிராண்ட்ஸ்லாம். கிராஃபின் 22-ல் சரிபாதியான 11, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்தவை. இதில் கிராஃபின் குற்றம் துளியும் இல்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் செலஸைப் பார்த்தார். அவர் மகத்தான ஆட்டக்காரர் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் கத்தி எடுத்தவன் செலஸிடம் பறித்ததோடு நிற்கவில்லை. கிராஃபிடமும் ஒன்றைப் பறித்துவிட்டான். முழு பலத்தோடு இருந்த செலஸை வென்று அந்த 22-ஐ எடுத்தார் என்று சொல்லும் வாய்ப்பை அவருடைய ரசிகர்கள் யாருக்கும் அவன் மிச்சம் வைக்கவில்லை. அந்த ரீடிங் எடுக்கப்படவே இல்லை. இனி எடுக்கவும் முடியாது.

எதிராளி இல்லாமல் ஆட்டக்காரன் இல்லை

இதற்கு நேர்மாறான ஜோடி கிறிஸ் எவர்ட் - மார்டினா நவ்ரத்திலோவா. 80 முறை மோதினார்கள். அதில் 60 இறுதிப் போட்டிகள்! ஆரம்பத்தில் எவர்ட் கை ஓங்கியிருந்தது. எவர்ட்டை ஜெயிக்க வேண்டுமென்றே நவ்ரத்திலோவா உடற்பயிற்சியையும் உணவையும் மாற்றினார். 1982 கடைசியிலிருந்து தொடர்ந்து 13 முறை எவர்ட்டைத் தோற்கடித்தார். எவர்ட் சும்மா இருந்தாரா? முப்பது வயதை நெருங்கும்போது மர மட்டையை விட்டு கிராஃபைட் மட்டைக்கு மாறினார், பயிற்சியைக் கூட்டினார். 1985, 1986 பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டிகளில் நவ்ரத்திலோவாவையே வென்றார். கடைசிக் கணக்கு 43-37, நவ்ரத்திலோவா பக்கம். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டமோ இருவருக்கும் சமமாக 18. ஒருவர் இல்லையென்றால் மற்றவர் இவ்வளவு உயரம் போயிருப்பாரா? இருவரும் இன்றுவரை நெருங்கிய சிநேகிதிகள்.

2022 செப்டம்பரில் லண்டனில் ஃபெடரர் விடைபெற்ற கடைசி ஆட்டம் இரட்டையர் ஆட்டம். அவருக்கு ஜோடியாக ஆடியவர் யார் தெரியுமா? நடால். ஆட்டத்தில் தோற்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர், அவரை 24 முறை தோற்கடித்த அதே நடால்!

ஆகவே நண்பர்களே, சண்டை போடுங்கள். சண்டை இல்லாத டி.வி. ரூம் உப்பில்லாத சாம்பார். ஆனால் எண்ணைச் சொல்லும்போது நாலு கேள்விக்குப் பதிலோடு சொல்லுங்கள். எந்தத் தரை? எந்த வருஷம்? முந்தின நாள் என்ன நடந்தது? எத்தனை புள்ளி வித்தியாசம்? நாலுக்கும் பதில் இருந்தால் எதிரில் இருப்பவன் தோற்றாலும் சந்தோஷமாகத் தோற்பான். பதில் இல்லையென்றால் ரெக்கார்டு நோட்டு திரும்பி வரும், கையெழுத்து கிடையாது!